கேஸ் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காதா? முதல்முறை சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“கேஸ் இருக்கா? அப்ப பாஸ்போர்ட்டை மறந்துடு.” பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர் முதல் பக்கத்துத் தெரு ரிட்டயர்டு ஏட்டு வரை எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். இதைக் கேட்டே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கேஸை மறைத்து விண்ணப்பித்து, வம்பை விலைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லாத வேலை.

கேஸ் இருப்பவருக்கும் பாஸ்போர்ட் கிடைக்கும். எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், யாரிடம் என்ன காகிதம் வாங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது: உங்கள் வழக்கு இன்று எந்தக் கட்டத்தில் நிற்கிறது? எஃப்ஐஆரோடு நிற்கிறதா, குற்றப்பத்திரிகை போட்டாயிற்றா, கோர்ட் அதைக் கோப்புக்கு எடுத்துவிட்டதா (அதாவது விசாரிக்க ஏற்றுக்கொண்டுவிட்டதா), தீர்ப்பே வந்துவிட்டதா? வக்கீல் வீட்டுப் படி ஏறும் முன் இதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது

அரசமைப்புச் சட்டத்தில் பாஸ்போர்ட் வாங்கும் உரிமை என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. நாட்டுக்குள் எங்கும் போய்வரும் உரிமை 19(1)(டி) பிரிவில் இருக்கிறது. எங்கும் குடியிருக்கும் உரிமை அதற்கடுத்த (இ) பிரிவில். இந்த இரண்டுக்கும் பாஸ்போர்ட்டோ போலீஸ் சான்றோ வேண்டியதில்லை. பொதுநலன் கருதியும் பழங்குடியினரின் பாதுகாப்புக்காகவும் மட்டும் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம், மணிப்பூர் போகிற வெளிமாநிலத்தவரிடம் இன்னர் லைன் பெர்மிட் கேட்பது 1873ஆம் ஆண்டு ஒழுங்குவிதியிலிருந்து தொடர்கிற ஏற்பாடு.

வெளிநாடு போவது வேறு கதை. 1967 வரை பாஸ்போர்ட் தருவதற்கு என்று இந்தியாவில் சட்டமே கிடையாது. அரசு நினைத்தால் தரும், நினைத்தால் பிடுங்கிக்கொள்ளும். சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வணிகர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரலில் தலைமை நீதிபதி கே.சுப்பா ராவ் தலைமையிலான ஐந்து பேர் அமர்வில் மூன்று பேர் அவர் பக்கம் நின்றார்கள். வெளிநாடு செல்வதும் 21ஆம் பிரிவு சொல்லும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும். சட்டம் ஒன்று இல்லாமல் அதைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பு. அரசு அவசர அவசரமாக ஓர் அவசரச் சட்டம் போட்டு, அதே ஆண்டிலேயே பாஸ்போர்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றும் நடப்பில் இருப்பது அந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

பத்தாண்டு கழித்து மேனகா காந்தி வழக்கு. 1977 ஜூலை 4ஆம் தேதி அவருக்கு டெல்லி மண்டல பாஸ்போர்ட் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பொதுநலன் கருதி உங்கள் பாஸ்போர்ட்டை முடக்குகிறோம், ஏழு நாளுக்குள் ஒப்படையுங்கள் என்றது கடிதம். காரணம் என்ன என்று கேட்டார். காரணத்தைச் சொல்லாமல் இருப்பதும் பொதுநலன் கருதித்தான் என்று பதில் வந்தது! ஏழு நீதிபதிகள் அமர்வு 1978 ஜனவரி 25 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமாகவும் ஒருதலைப்பட்சம் இல்லாததாகவும் இருக்க வேண்டும்; பாதிக்கப்படுகிறவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று நீதிபதி பி.என்.பகவதி எழுதினார். சுவாரசியம் என்னவென்றால், பாஸ்போர்ட்டை முடக்கிய உத்தரவை நீதிமன்றம் அன்று ரத்து செய்யவில்லை. மனுவைப் பரிசீலிக்கிறோம் என்று அரசு சொன்ன உறுதியை ஏற்று வழக்கை முடித்தது. மேனகாவுக்கு அன்று கைமேல் பலன் இல்லை. இன்று பாஸ்போர்ட் அலுவலகம் உங்களுக்கு ஷோ காஸ் நோட்டீஸ் அனுப்பிப் பதில் கேட்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அந்தத் தீர்ப்பு.

எதற்காக மறுக்கலாம்

பாஸ்போர்ட் சட்டம் 6(2) பிரிவு மறுப்பதற்கான காரணங்களைப் பட்டியல் போட்டு, இவை தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இல்லாதது, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளியுறவு, பொதுநலன் என்று போகிற காரணங்கள் நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பந்தம் இல்லாதவை. சாதாரண ஆட்கள் மாட்டிக்கொள்வது மூன்று இடத்தில்.

(இ) உட்பிரிவு: விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருப்பது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அபராதம் கட்டிவிட்டு வந்த கேஸ் இதில் வராது.

(எஃப்) உட்பிரிவு: இந்தியாவில் உள்ள குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது.

(ஜி) உட்பிரிவு: கோர்ட் பிறப்பித்த பிடிவாரண்ட், சம்மன் அல்லது நாட்டை விட்டுப் போகக் கூடாது என்ற உத்தரவு.

ஸ்டேஷனில் பேர் இருக்கிறது, ஹிஸ்டரி ஷீட் இருக்கிறது, ஊரில் ஒரு பிரச்சினையில் இவர் முன்னால் நின்றார் என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. இன்னும் ‘107’ என்றே எல்லோரும் சொல்கிற, புதிய சட்டத்தில் 126ஆகிவிட்ட, அமைதி காப்பேன் என்று வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) முன் எழுதிக்கொடுக்கும் பிணைப்பத்திரமும் குற்ற வழக்கு ஆகாது. போலீஸ் ரிப்போர்ட்டில் இதெல்லாம் ஒரு வரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி வந்தால் எந்த உட்பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

முதல் வேலை: உங்கள் கேஸைக் கண்டுபிடியுங்கள்

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தன் மேல் என்ன கேஸ் இருக்கிறது என்று தெரியாதவர்கள் ஏராளம். மறியலில் பிடித்து மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டிருப்பார்கள். கேஸ் போட்டார்களா இல்லையா தெரியாது. திருவிழா அடிதடியில் இரண்டு தரப்பு மேலும் எஃப்ஐஆர் போட்டு, பிறகு ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி முடித்திருப்பார்கள். ஊரில் முடிந்தது, கோர்ட்டில் முடிந்திருக்காது.

கூடங்குளம் போராட்டக் காலத்தில் போடப்பட்ட எஃப்ஐஆர்களில் சில பெயர்களை எழுதிவிட்டு, மற்றும் ஆயிரக்கணக்கானோர் என்று முடித்திருந்தார்கள். அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள் யார் யார் என்று அன்று யாருக்கும் தெரியாது. பின்னால் இடிந்தகரைப் பக்கத்துப் பிள்ளைகள் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகப் பாஸ்போர்ட் கேட்டபோது அந்த வழக்குகள் குறுக்கே வந்து நின்றன. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மேல் உள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று சொன்ன பிறகும் அந்தத் தொல்லை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

எனவே விண்ணப்பிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைத் தளத்தில் எஃப்ஐஆர் தேடிப் பார்க்கலாம். காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் தெரிந்திருந்தால் வேலை சுலபம். அடுத்து, கோர்ட் வழக்குகளின் விவரம் காட்டும் இகோர்ட்ஸ் தளம் அல்லது செயலி. அதில் உங்கள் பெயரைக் கொண்டும், எஃப்ஐஆர் எண்ணைக் கொண்டும் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள். செந்தில் என்ற பெயருக்கு ‘எச்’ போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை. கிடைக்கவில்லை என்றால் அந்தக் காவல் நிலையத்துக்குரிய மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா மூலம் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. ஆறு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கிடைத்த வழக்குக்கு சிசி (காலண்டர் கேஸ்), எஸ்சி (செஷன்ஸ் கேஸ்), எஸ்டிசி (சம்மரி ட்ரையல் கேஸ்) என்று ஏதாவது ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீதிமன்றம் கோப்புக்கு எடுத்துவிட்டது என்று பொருள். வெறும் குற்ற எண் மட்டும் இருந்தால் அது இன்னும் போலீஸ் கையில்தான் இருக்கிறது. செக் பவுன்ஸ் கேஸை எல்லோரும் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றே நினைக்கிறார்கள். அதுவும் குற்றவியல் நீதிமன்றத்தில் நடக்கிற கேஸ்தான். (எஃப்) உட்பிரிவுக்குள் வரும்.

விண்ணப்பம் போடும்போது

சாதாரண வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிவு, 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2000, குறித்த நாளில் சேவா மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். மற்றவர்களுக்குப் பள்ளிச் சான்று, பான் கார்டு போன்றவையும் எடுபடும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்கும் பகுதி. அந்தக் கேள்வியை முழுதாகப் படியுங்கள். பிரவுசிங் சென்டர்க்காரர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தட்டிக்கொண்டே போவார். அவருக்கு அது பழக்கம். கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். கோர்ட்டில் கேஸ் இருந்தால் ‘ஆம்’ என்று போட்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். மறைத்தால் பாஸ்போர்ட் வந்த பிறகும் 10(3)(பி) பிரிவின்படி முடக்கலாம். 12ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சமாளித்துவிடக்கூடிய ஒரு கேஸை மறைக்கப் போய் மறைத்ததற்காகவே இன்னொரு கேஸ் வாங்குவது எவ்வளவு பெரிய மடத்தனம்!

தட்கலில் போட்டால் போலீஸ் விசாரணைக்கு முன்பே பாஸ்போர்ட் வந்துவிடும், தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் ஊரில் சுற்றுகிறது. விசாரணை பின்னால் வரும். ரிப்போர்ட் பாதகமாகப் போனால் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடு என்று நோட்டீஸ் வரும். அதற்குள் நீங்கள் விசா ஸ்டாம்ப் அடித்து, டிக்கெட்டும் எடுத்திருப்பீர்கள்.

போலீஸ் விசாரணை

வருகிறவர் உங்கள் முகவரியையும் அடையாளத்தையும் வழக்கு விவரத்தையும் பார்த்து அறிக்கை அனுப்புவார். அவ்வளவுதான் அவர் வேலை. பாஸ்போர்ட் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்குக் கிடையாது. அது மண்டல பாஸ்போர்ட் அதிகாரியுடையது. இந்த விசாரணைக்கு விண்ணப்பதாரர் கொடுக்க வேண்டிய கட்டணம் என்று எதுவும் இல்லை.

எஃப்ஐஆர் மட்டும் இருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். வழக்கு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது, கோர்ட் கோப்புக்கு எடுக்கவில்லை என்பதையும் அறிக்கையில் குறிப்பிடச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் ஸ்டேஷனில் நிலுவையா, கோர்ட்டில் நிலுவையா என்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்குத் தெரியாது. பாதிச் சிக்கல் இந்த ஒற்றை வரியால் வருவது. வழக்கு எப்போதோ விடுதலையில் முடிந்திருந்தாலும் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அது திருத்தப்படாமல் கிடக்கும். அதற்காகத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள்.

கடிதம் வந்துவிட்டது. கேஸ் எஃப்ஐஆர் கட்டத்தில் இருக்கிறது

போலீஸ் ரிப்போர்ட் பாதகமாக வந்திருக்கிறது, விளக்கம் தரவும் என்று கடிதம் வரும். பயப்பட வேண்டாம், கெடு தேதியை மட்டும் தவறவிட வேண்டாம். வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபர் 10 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை உங்களுக்கு நல்ல துணை. எஃப்ஐஆர் பதிவானதாலோ புலன்விசாரணை நடப்பதாலோ மட்டும் 6(2)(எஃப்) பொருந்தாது, நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுத்திருந்தால்தான் நிலுவை என்று கருத வேண்டும் என அதில் தெளிவாக இருக்கிறது. பதில் இப்படி இருந்தால் போதும்:

“என் மீது இன்ன காவல் நிலையத்தில் பதிவான குற்ற எண் இத்தனை இன்னும் புலன்விசாரணையில் உள்ளது. எந்த நீதிமன்றமும் இதைக் கோப்புக்கு எடுக்கவில்லை. ஆகவே பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) எனக்குப் பொருந்தாது. வெளியுறவு அமைச்சகத்தின் 10.10.2019 தேதியிட்ட குறிப்பாணையும் இதையே கூறுகிறது. என் விண்ணப்பத்தைப் பரிசீலித்துப் பாஸ்போர்ட் வழங்கக் கோருகிறேன். மறுப்பதாயின் பிரிவு 5(3)இன்படி காரணங்களை எழுத்துபூர்வமாகத் தர வேண்டுகிறேன்.”

எஃப்ஐஆர் நகல், இகோர்ட்ஸ் தேடலின் அச்சு இரண்டையும் இணையுங்கள். கோர்ட்டிலிருந்தே ‘கோப்புக்கு எடுக்கப்படவில்லை’ என்று சான்று கிடைத்தால் இன்னும் நல்லது. கடைசி வாக்கியத்தை எடுத்துவிடாதீர்கள். வாய்வார்த்தையாக ‘கிடைக்காது போங்க’ என்று சொல்வது சுலபம். கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை. நேரில் போனால் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். தபால் என்றால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால்.

கோர்ட் கோப்புக்கு எடுத்துவிட்டது

இங்கேதான் எல்லோரும் கதவு மூடிவிட்டது என்று திரும்பிவிடுகிறார்கள். திறக்கிற சாவி 1993 ஆகஸ்ட் 25ஆம் தேதி அறிவிக்கை. ஜி.எஸ்.ஆர். 570(இ) என்பது அதன் எண். வழக்கு நடக்கிற கோர்ட்டே வெளிநாடு போக அனுமதித்து உத்தரவு தந்தால் 6(2)(எஃப்) தடையிலிருந்து விலக்கு உண்டு என்கிறது அது. மக்கள் இதை ‘கோர்ட் என்ஓசி’, அதாவது கோர்ட்டின் ஆட்சேபணை இல்லாச் சான்று என்கிறார்கள்.

மனுவை உங்கள் கேஸ் நடக்கும் அதே கோர்ட்டில் போட வேண்டும். மூன்று கோர்ட்டில் மூன்று கேஸ் இருந்தால் மூன்று உத்தரவு. வேலைக்கான கடிதம், குடும்ப நிலை, இதுவரை வாய்தா தவறாமல் ஆஜரானது எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிடிவாரண்ட் நிலுவையில் இருந்தால் என்ஓசி பேச்சையே எடுக்க வேண்டாம். முதலில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு, பிறகுதான் இது.

அறிவிக்கையில் கால அளவு பற்றிய கணக்குதான் மிக முக்கியம். எத்தனை ஆண்டுக்குப் பாஸ்போர்ட் என்று கோர்ட் உத்தரவில் இருந்தால் அத்தனை ஆண்டுக்குத் தருவார்கள். உத்தரவில் பாஸ்போர்ட்டுக்கோ பயணத்துக்கோ காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓர் ஆண்டு. ஓர் ஆண்டுக்கும் குறைவான பயணத்துக்கு அனுமதி கொடுத்து, பாஸ்போர்ட் காலத்தைச் சொல்லாவிட்டாலும் ஓர் ஆண்டு. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட பயணத்துக்கு அனுமதி என்றால் அந்தப் பயணக் காலம் வரை. உத்தரவில் ‘மனு அனுமதிக்கப்படுகிறது’ என்று மட்டும் இருந்தால் கையில் கிடைப்பது ஓராண்டுப் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும்போது, அந்த ஓராண்டில் பாதி வீண். இத்தனைக்கும் காரணம் மனுவின் வேண்டுதல் பத்தியில் ஒரு வரி விடுபட்டது. எனவே வக்கீலிடம் இப்படி இரண்டாகப் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள்:

“(1) மனுதாரருக்குப் பத்து ஆண்டு செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வழங்க ஆட்சேபணை இல்லை என்று, 25.08.1993 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிக்கையின்படி உத்தரவிட வேண்டும். (2) மனுதாரர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன நாட்டுக்குச் சென்றுவர அனுமதிக்க வேண்டும்.”

கோர்ட் பத்தைக் குறைத்து மூன்றோ ஐந்தோ தரலாம். அது நீதிபதியின் முடிவு. கேட்காமல் விட்டால் எதுவும் வராது. பயணத் தேதி இன்னும் முடிவாகாவிட்டால், ஒவ்வொரு பயணத்துக்கும் கோர்ட்டின் முன் அனுமதி பெற்றே செல்வேன் என்று உறுதி கூறி, பாஸ்போர்ட்டுக்கு மட்டும் உத்தரவு கேட்கலாம். ஆனால் ‘பாஸ்போர்ட் சட்டப்படி பரிசீலிக்கவும்’ என்று மொட்டையாக முடியும் உத்தரவை எடுத்துக்கொண்டு போனால், இதில் அனுமதி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உத்தரவு வந்த அன்றே படித்துப் பாருங்கள். குறை இருந்தால் அப்போதே திருத்தம் கேட்பது நல்லது.

சான்றிட்ட நகலுடன், கோர்ட் அழைக்கும்போது ஆஜராவேன் என்ற உறுதிமொழியையும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. பாஸ்போர்ட் கைக்கு வருவது ஒன்று, விமானம் ஏறுவது வேறொன்று. ஜாமீன் நிபந்தனையில் வெளிநாடு போகக் கூடாது என்று இருந்தால், பத்தாண்டுப் பாஸ்போர்ட் இருந்தும் ஒவ்வொரு தடவையும் கோர்ட்டைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

தண்டனை வாங்கி மேல்முறையீட்டில் இருப்பவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஓராண்டுத் தண்டனை பெற்று உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருந்த ஒருவரின் பாஸ்போர்ட்டை, அந்த மேல்முறையீட்டைக் காரணம் காட்டாமல் புதுப்பித்துத் தரும்படி 2021இல் அந்த நீதிமன்றமே உத்தரவிட்டது.

மறுத்துவிட்டார்கள்

மறுப்பு எழுத்தில் வந்தால் 30 நாளுக்குள் 11ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு அதிகாரி இருப்பது டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்தில். மத்திய அரசே நேரடியாகப் போட்ட உத்தரவுக்கு இந்த மேல்முறையீடு கிடையாது. சட்டத்துக்குப் புறம்பான காரணம், விளக்கம் கேட்காமலே மறுத்தது போன்ற நேரங்களில் அரசமைப்புச் சட்டம் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தென்மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டாம், மதுரைக் கிளை இருக்கிறது.

எழுதியே தராமல் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மாதக்கணக்கில் தளத்தில் காட்டுவது இன்னொரு வகை. என் அனுபவத்தில் இதற்கு நல்ல மருந்து தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கட்டணம். உங்கள் ஃபைல் எண்ணைப் போட்டு, போலீஸ் அறிக்கையின் நகல், ஃபைல் இப்போது யார் மேசையில் இருக்கிறது, எந்தப் பிரிவின் கீழ் நிறுத்தப்பட்டுள்ளது என்று மூன்றே கேள்வி. பதில் வந்தால் ரிட் மனுவுக்கு ஆதாரம். பல நேரம் அதற்கு முன்பே ஃபைல் நகர்ந்துவிடும்.

பாஸ்போர்ட்டை யாரோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள்

போலீஸ் ஒரு வழக்கில் பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம். ஆனால் கைப்பற்றியதைத் தொடர்ந்து முடக்கி வைத்திருக்க முடியாது. முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டும், அதுவும் 10(3) பிரிவின் கீழ், நோட்டீஸ் கொடுத்துக் கேட்டபிறகு என்று சுரேஷ் நந்தா வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பாஸ்போர்ட்டை எடுத்துப் போனால், கைப்பற்றியதை எழுதி வைக்கும் மகஜரின் நகலையோ ரசீதையோ கேளுங்கள். பிறகு கோர்ட்டில் திரும்பக் கேட்டு மனு.

கம்பெனியோ ஏஜென்டோ ‘பத்திரமாக இருக்கும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டால் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது 17ஆம் பிரிவு. எழுத்தில் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் போலீஸில் புகார். வெளிநாட்டில் இப்படி நடந்தால் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள்.

ஏர்போர்ட்டில் நிறுத்தினால்

பாஸ்போர்ட் சரியாக இருந்தும் குடியேற்ற கவுண்டரில் ஓரமாக உட்காரச் சொன்னால் பெரும்பாலும் லுக்அவுட் சர்குலர்தான் காரணம்; இவர் நாட்டை விட்டுப் போக வந்தால் நிறுத்துங்கள் என்று குடியேற்றத் துறைக்குப் போகும் அறிவிப்பு அது. கவுண்டரில் இருப்பவரோடு வாதாடிப் பயனில்லை. கம்ப்யூட்டரில் வந்ததை அவர் செயல்படுத்துகிறார். எந்த அமைப்பு கேட்டு இது போடப்பட்டது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கச் சொல்லவேண்டியது அந்த அமைப்பிடம். அது நீக்கச் சொல்லும் வரை சர்குலர் தானாகக் காலாவதி ஆகாது என்பது 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் உள்ள ஏற்பாடு. அமைப்பு அசையாவிட்டால் உயர் நீதிமன்றம். கடன் பாக்கிக்காகப் பொதுத்துறை வங்கித் தலைவர்களே சர்குலர் கேட்டு வந்த அதிகாரத்தை 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. வங்கிக் கடன் விவகாரத்தில் சிக்கியவர்கள் அந்தத் தீர்ப்பை வக்கீலிடம் காட்டிப் பேசுவது நல்லது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால்

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது எஃப்ஐஆர் நகல், வழக்கு எண், பாஸ்போர்ட் அலுவலகக் கடிதம், விண்ணப்ப ரசீது நான்கையும் எடுத்துப் போனால் அன்றைக்கே மனு எழுதத் தொடங்கிவிடலாம்.